பிரேயஸில் ஓர் ஊஃபாதிகோ: நாணயம் போட்டு விளையாடிய நாட்களை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டா?

பதிவு 1: பெராமா மகள்

நான் 1984 முதல் 1993 வரை கிரீஸில், பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய நிக்கேயா பகுதியில் வளர்ந்தவள். அப்பா பெராமாவில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வெல்டிங் மேற்பார்வையாளர். அண்ணனுக்கும் எனக்கும் நான்கு வயது இடைவெளி. நாங்கள் இருவரும் கிரேக்க மொழியைப் பள்ளியில் பாதி கற்றோம், மீதியை எங்கள் தெருமுனையில் இருந்த ஊஃபாதிகோவில், அதாவது நாணயம் போட்டு வீடியோ விளையாட்டு ஆடும் கடையில் கற்றோம்.

பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எனக்கு மிகவும் பிடித்த சொல். பறக்கும் தட்டை கிரேக்கர்கள் ‘ஊஃபோ’ என்பார்கள். ‘ஆதிகோ’ என்பது கடையைக் குறிக்கும் விகுதி. மீன்கடை ‘ப்ஸராதிகோ’. அதுபோலப் பறக்கும் தட்டுகளின் கடை ‘ஊஃபாதிகோ’. தொடக்கத்தில் வந்த இயந்திரங்களில் எல்லாம் வானத்திலிருந்து இறங்கி வருபவர்களைச் சுடுவதுதான் வேலை என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு கராத்தே வந்தது, கார் பந்தயம் வந்தது, கால்பந்து வந்தது. பெயர் மாறவில்லை.

எங்கள் கடை தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. ஐந்து படி இறங்க வேண்டும். முன்பக்கம் இரண்டு பில்லியர்ட்ஸ் மேசைகள், அவை பெரியவர்களுக்கு. அடுத்து கம்பிகளைச் சுழற்றி ஆடும் கால்பந்து மேசை. சுவரோரம் குண்டைத் தட்டி ஆடும் ‘பின்பால்’ இயந்திரம். கடைசிச் சுவரில் வரிசையாக எட்டு, ஒன்பது வீடியோ விளையாட்டு இயந்திரங்கள். ஜன்னல் இல்லை. சிகரெட் புகை மேலே ஒரு தளம் போட்டதுபோல நிற்கும். பொத்தான்களுக்கு அருகில் சிகரெட்டை வைத்துவிட்டு ஆடுவார்கள், அதனால் ஒவ்வொரு இயந்திரத்தின் பலகையிலும் வரிசையாகப் பழுப்புத் தழும்புகள். வீட்டுக்கு வந்ததும் அம்மா முடியை முகர்ந்து பார்த்தே எங்கே போனோம் என்று கண்டுபிடித்துவிடுவார்.

உரிமையாளர் வாசலருகே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் நாணயங்கள் சிறிய தூண்களாக அடுக்கியிருக்கும். ஆரம்பத்தில் 20 டிராக்மா, அதில் பெரிக்ளிஸின் தலை. பிறகு 50 டிராக்மா, அதில் ஹோமர், மறுபக்கம் ஒரு பாய்மரக் கப்பல். ஹோமர் யார் என்று பள்ளியில் சொல்லித் தருவதற்கு முன்பே அவரை நூறு முறை அந்தத் துளைக்குள் தள்ளிவிட்டிருந்தோம்.

விதிகள் எங்கும் எழுதியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். திரைக்குக் கீழே கண்ணாடி விளிம்பில் நாணயத்தை வைத்தால் அடுத்த முறை உனக்கு. மூன்று நாணயம் இருந்தால் நீ நான்காவது. ஆடுபவனின் முழங்கையைத் தொடக் கூடாது. காசு இல்லாத பையன் பக்கத்தில் வந்து ‘மியா ஸோயி’ என்று கேட்கலாம். ‘ஒரே ஓர் உயிர்’ என்று பொருள். நல்ல மனம் படைத்தவன் தன் மூன்று உயிர்களில் ஒன்றை ஆடக் கொடுப்பான். கட்டங்களுக்குப் பெயர் ‘பீஸ்தா’. விளையாட்டைக் கடைசிவரை முடித்தவன் ‘தெர்மாதிசா’ என்பான். அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும் உரிமை எங்கள் கடையில் நான்கைந்து பேருக்குத்தான் இருந்தது. அண்ணன் அவர்களில் ஒருவன்.

நான் ஆடவில்லை. பெண் பிள்ளைகள் அங்கே வருவது அரிது. அண்ணனோடு போனால் அவன் பின்னால் நிற்பேன், அவ்வளவுதான். ஒரே ஒரு விளையாட்டை மட்டும் அவனோடு சேர்ந்து ஆடியிருக்கிறேன். பெயர் நினைவில்லை. இரண்டு குட்டி டிராகன்கள், ஒன்று பச்சை, ஒன்று நீலம். வாயிலிருந்து குமிழ் விடும். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே இசை. 1989 என்று நினைக்கிறேன். அவன் ஒருநாள் அதைத் தனியாக முடித்துவிட்டான். கடையே கைதட்டியது. அவன் மட்டும் முகம் வாடி வெளியே வந்தான், வழியெல்லாம் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போய் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் முன்னால் நிறுத்தினான். ஏன் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

போன வருடம் பிரேயஸ் போனேன். கடை இல்லை. அது எதிர்பார்த்ததுதான். அந்த நகரத்தில் எந்தத் தெருவிலும் அப்படி ஒரு கடைகூடக் கண்ணில் படவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. என்ன நடந்தது? உங்களில் யாராவது அந்தக் கடைகளைப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

பதிவு 2: முத்துநகர் மாலுமி

தங்கை, உங்கள் பதிவைப் படித்ததும் 1983-க்குப் போய்விட்டேன். எனக்கு அப்போது 21 வயது. கிரேக்க முதலாளியின் சரக்குக் கப்பல் ஒன்றில் என்ஜின் அறை உதவியாளர். பெராமாவில் பழுதுக்காக மூன்று வாரம் நின்றோம். உங்கள் அப்பா வேலை பார்த்த அதே கரைதான், அவர் வருவதற்கு ஓராண்டு முன்னால்.

மாலையில் கரைக்கு இறங்கினால் எங்களுக்குப் போக இடம் கிடையாது. மதுக்கடைக்குப் போகும் பழக்கம் எனக்கு இல்லை. மொழியும் தெரியாது. பிரேயஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நீங்கள் சொன்ன மாதிரி ஒரு கடை. பேசாமலே உட்காரக்கூடிய இடம் அந்தத் துறைமுகத்தில் அது ஒன்றுதான். நாணயத்தைப் போட்டால் போதும், நீ எந்த நாட்டவன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

‘கலாகா’ என்று ஒரு விளையாட்டு. பூச்சிகள் போன்ற பகைக் கப்பல்கள் வளைந்து வளைந்து இறங்கும். நான் எப்போதும் இரண்டாம் மூன்றாம் கட்டத்திலேயே செத்துவிடுவேன். ஒரு நாள் பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையன் என் கையைத் தட்டிவிட்டு, ‘சுடாதே, சும்மா நில்’ என்று சைகை காட்டினான். மேலே இருந்த பெரிய பூச்சி நீலக் கதிரை விரித்து என் கப்பலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எனக்குக் கோபம். அவன் சிரித்தபடி காத்திரு என்றான். அடுத்த கப்பலால் அந்தப் பூச்சியை மட்டும் குறிபார்த்துச் சுடச் சொன்னான். சிறைப்பட்ட கப்பல் விடுபட்டு இறங்கி வந்து என் கப்பலோடு சேர்ந்துகொண்டது. அதன் பிறகு இரட்டைக் கப்பல், இரட்டைத் துப்பாக்கி. ஓர் உயிரை வேண்டுமென்றே பிடிகொடுத்து மீட்கும் வித்தை அது.

நாற்பது ஆண்டுகள் கப்பலில் இருந்தேன், எத்தனையோ துறைமுகங்களில் எத்தனையோ பேர் வழி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையன் சொல்லிக் கொடுத்தது போல ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கப்பல் கிளம்பும் முந்தைய நாள் அவனுக்கு ஒரு கைப்பிடி நாணயம் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பதிவு 3: ஈயப்பற்று

பெராமா மகள், உங்கள் விளையாட்டின் பெயர் ‘பபிள் பாபிள்’. ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1986-ல் வெளியிட்டது. நூறு தளங்கள் கொண்டது.

நான் 1998 முதல் 2004 வரை ஏதென்ஸில் இந்த இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்தவன். உங்கள் அண்ணனின் முகம் ஏன் வாடியது என்று என்னால் சொல்ல முடியும். அந்த விளையாட்டைத் தனியாக முடித்தால் உண்மையான முடிவு வராது. நூறாவது தளத்தில் பெரிய பூதத்தைக் கொன்ற பிறகு, இது மெய்யான முடிவு அல்ல, நண்பனோடு திரும்பி வா என்ற பொருளில் திரையில் எழுத்து வரும். நூறு தளம் ஒருவனாகப் போராடி வந்தவனுக்கு அதுதான் பரிசு. இரண்டு பேர் சேர்ந்து முடித்தால்தான் நல்ல முடிவு. அப்படித்தான் வடிவமைத்திருந்தார்கள்.

அதாவது, அவனுக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டது.

இயந்திரங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சிறிய தெருக்கடையில் எப்படி மாதத்துக்கு ஒரு புது விளையாட்டு வந்தது என்று பலர் வியப்பார்கள். 1985 வாக்கில் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் ‘ஜாமா’ என்ற பொதுவான இணைப்பு முறையை ஏற்றுக்கொண்டார்கள். 56 தொடுபுள்ளிகள் உள்ள ஒரே ஒரு சொருகி. மின்சாரம், படம், ஒலி, ஜாய்ஸ்டிக், பொத்தான், நாணயம் எல்லாம் அதன் வழியே. கடைக்காரர் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. பின்கதவைத் திறந்து பழைய சர்க்யூட் பலகையைக் கழற்றிப் புதியதைச் சொருகினால் ஐந்து நிமிடத்தில் வேறு விளையாட்டு. எங்களிடம் வந்த பெட்டிகளில் மேலே ஒரு விளையாட்டின் பெயர்ப்படம், பக்கவாட்டில் வேறொன்றின் ஓவியம், திரையில் மூன்றாவது ஒன்று.

பலகைகளில் பெரும்பகுதி கள்ள நகல்கள். மறைக்க ஒன்றுமில்லை, எங்கள் பட்டறை மேசைக்கு வந்தவற்றில் அசல் என்று சொல்லத்தக்கவை குறைவு. சில நகல்கள் அசலைவிட விந்தையாக இருக்கும். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-இன் ‘ரெயின்போ’ நகலில் வானத்தில் பறந்தபடியே தீப்பந்து வீசலாம், சண்டையின் நடுவில் வேறு ஆளாக மாறலாம். அசலை உருவாக்கியவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அதைத்தான் பையன்கள் அசல் என்று நம்பி வளர்ந்தார்கள்.

இன்னொன்று, சிகரெட் நெருப்புமூட்டி. பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று பொறி விடும் வகை. அந்தப் பொறியை நாணயத் துளையருகே விட்டால் சில பலகைகள் அதை நாணயம் விழுந்த சமிக்ஞை என்று எடுத்துக்கொள்ளும். உரிமையாளர்கள் எங்களிடம் கொண்டுவந்து புலம்புவார்கள். நாணயக் கதவின் உலோகத்தை ஒழுங்காக எர்த் செய்தால் அது நின்றுவிடும். நூறு பெட்டிக்காவது அந்தக் கம்பியை நான் பற்றவைத்திருப்பேன்.

பதிவு 4: வடக்கு வாசல்

எல்லோருடைய நினைவுகளையும் மதித்தே இதை எழுதுகிறேன். நான் 2001 முதல் 2003 வரை தெசலோனிக்கியில் ஆய்வு மாணவன். நீங்கள் சொல்லும் உலகத்தின் கடைசி நாட்களைத்தான் பார்த்தேன். அது வேறு மாதிரி இருந்தது.

நான் போனபோது கடைகள் பாதி காலி. 1995 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து அதே விளையாட்டை ஆட முடியும்போது யார் படியிறங்கிப் புகைக்குள் போவார்கள்? பையன்கள் எல்லாம் இணைய மையங்களுக்குப் போய்விட்டார்கள். ஊஃபாதிகோவில் மிச்சம் இருந்தவர்கள் வேறு வகையினர். பின்னால் ஒரு திரைச்சீலை, அதற்குப் பின்னால் ‘ஃப்ரூத்தாக்கியா’. பழப்படங்கள் சுழலும் சூதாட்ட இயந்திரங்களுக்கு அங்கே அந்தப் பெயர். நான் தங்கியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஒருவர் சம்பளத்தை வாங்கிய அன்றே அங்கே இழந்துவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய மனைவி மேலேயிருந்து இறங்கி வந்து ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதனால் 2002-ல் அரசு தடை போட்டபோது எனக்கு வருத்தம் வரவில்லை. பெராமா மகள் கேட்ட ‘என்ன நடந்தது’ என்ற கேள்விக்கு விடை அந்தத் தடைதான். ஆனால் தடை கொன்றது ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்த ஒன்றை.

பதிவு 5: தராசு

நான் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கற்பிப்பவன். அந்தத் தடை மீதான வழக்கை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்கிறேன், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

2002 ஜூலை இறுதியில் கிரேக்க நாடாளுமன்றத்தின் 3037ஆம் எண் சட்டம் வெளியானது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆளும் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் சூதாட்ட இயந்திரத்தின் முன் இருந்ததைத் தொலைக்காட்சி காட்டிவிட்டது. நாடெங்கும் கொந்தளிப்பு. சட்டவிரோதச் சூதாட்டத்தை ஒழிக்கிறோம் என்று அரசு கிளம்பியது. நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை.

சட்டத்தின் சொற்களைப் பாருங்கள். மின்சார, மின்னியந்திர, மின்னணு விளையாட்டுகள் அனைத்தும், கணினி விளையாட்டுகள் உட்பட, விடுதிகளிலும் உணவகங்களிலும் மன்றங்களிலும் மற்ற எந்தப் பொது இடத்திலும் தனியார் இடத்திலும் தடை. சூதாட்டம் என்ற பிரிப்பே இல்லை. பழப்பட இயந்திரமும் ஒன்று, குமிழ் விடும் டிராகனும் ஒன்று. கணினியில் ஆடும் சதுரங்கமும் அந்தச் சொற்களுக்குள் வந்துவிடும். 5,000 யூரோவில் தொடங்கி 75,000 யூரோ வரை அபராதம், கூடவே சிறை. இணைய மையம் நடத்தலாம், ஆனால் அங்கே யாரும் விளையாடக் கூடாது.

அரசு சொன்ன காரணம், பொழுதுபோக்கு இயந்திரத்தைச் சுலபமாகச் சூதாட்ட இயந்திரமாக மாற்றிவிடலாம், பிரித்தறிவது கடினம் என்பது. அதில் உண்மை இருக்கிறது, ஜாமா சொருகியைப் பற்றி ஈயப்பற்று சொன்னாரே, அதுதான். ஆனால் பிரித்தறிவது கடினம் என்பதற்காக எல்லாவற்றையும் தடை செய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. அதே ஆண்டு செப்டம்பரில் தெசலோனிக்கி நீதிமன்றம் ஒன்று இணைய மைய உரிமையாளர்களை விடுவித்து, இந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அப்படியும் சட்டம் நீங்கவில்லை. ஐரோப்பிய ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2006 அக்டோபர் 26 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், பொருள்களும் சேவைகளும் நாடுகளுக்கிடையே தடையின்றிச் செல்லும் விதிகளை கிரீஸ் மீறியது என்று தீர்ப்பளித்தது. அப்போதும் நீக்கவில்லை. 2009 ஜூன் 4 அன்று அதே நீதிமன்றம் 30 லட்சம் யூரோ அபராதமும், கீழ்ப்படியாத ஒவ்வொரு நாளுக்கும் 31,536 யூரோவும் விதித்தது.

வடக்கு வாசல், உங்கள் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன். அதனால்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011-ல் கடன் நெருக்கடியில் இருந்த அதே அரசு, ஓபாப் என்ற பந்தய நிறுவனத்துக்கு 35,000 சூதாட்ட முனையங்கள் வைக்க உரிமம் விற்றது. அந்த மனிதரை விழுங்கிய இயந்திரம் முறையான உரிமத்தோடு திரும்பி வந்தது. டிராகன்கள் வரவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பதிவு 6: ஈயப்பற்று

தராசு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ‘ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தது’ என்ற வாதத்தை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. நான் பார்த்தது இது.

2002 ஜனவரி 1 அன்று யூரோ நாணயங்கள் வந்தன. பிப்ரவரி முடிவோடு டிராக்மா செல்லாது. நாணயத்தை ஏற்கும் கருவி அதன் விட்டம், தடிமன், எடை ஆகியவற்றைப் பார்த்துத்தான் உள்ளே விடும். ஹோமருக்கு அளவெடுத்த துளை யூரோவை ஏற்காது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் இரவு பதினொரு மணிவரை நாணயக் கருவிகளை மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு யூரோ என்பது 340.75 டிராக்மா. 50 டிராக்மாவுக்கு ஆடிய ஆட்டத்துக்கு நிகரான நாணயமே யூரோவில் இல்லை. 20 சென்ட் வைத்தால் விலை கூடிவிடும், 10 சென்ட் வைத்தால் நட்டம். ஒவ்வொரு கடைக்காரரும் இதற்காக எங்களோடு அரைமணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

செத்துக்கொண்டிருக்கும் கடைக்கு யாராவது புது நாணயக் கருவி வாங்கிப் போடுவார்களா? கடன் வாங்கிப் போட்டார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, சட்டம் வந்துவிட்டது.

அந்த ஆகஸ்டில் எங்கள் பட்டறை வாசலில் பெட்டிகள் மூன்று வரிசையாக நின்றன. அபராதம் இயந்திரக் கணக்கில் வரும் என்ற பயத்தில் எடுத்துப்போங்கள், இலவசமாக எடுத்துப்போங்கள் என்று கொண்டுவந்து இறக்கினார்கள். எங்களுக்கும் வைக்க இடமில்லை, வைத்திருக்கவும் பயம். திரைக்குழாயையும் மின்வழங்கியையும் கழற்றிக்கொண்டு மரப்பெட்டியை உடைத்தோம். வயதான ஒரு கடைக்காரர் பெட்டி உடைவதைப் பார்க்க மாட்டேன் என்று தெருவின் மறுபக்கம் திரும்பி நின்றார். பிறகு வந்து உள்ளே ஏதாவது நாணயம் சிக்கியிருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. எல்லாம் டிராக்மா.

சில பலகைகளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்து மொனாஸ்திராகி ஞாயிறு சந்தையில் இன்னும் சில கிடைத்தன, பழைய ரேடியோக்களுக்கு நடுவே, விற்பவருக்கே என்னவென்று தெரியாமல்.

பதிவு 7: வடக்கு வாசல்

ஈயப்பற்று, நாணயக் கருவி விஷயம் எனக்குத் தெரியாது. நான் எழுதியதில் அந்தப் பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்.

நீங்களும் தராசும் சொன்ன அந்த ஆகஸ்டும் செப்டம்பரும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கட்டுரை தட்டச்சு செய்யப் போகும் இணைய மையத்தில் ஒரு காலையில் கணினிகளிலிருந்து விளையாட்டுகளை எல்லாம் நீக்கிவிட்டிருந்தார்கள். சீட்டுக்கட்டு விளையாட்டுகூட இல்லை. சுவரில் கையால் எழுதிய தாள்: ‘விளையாட வேண்டாம், தயவுசெய்து.’ அந்தத் ‘தயவுசெய்து’ எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாள் தாளைக் கிழித்திருந்தார்கள். இணைய மையம் பிழைத்துக்கொண்டது. கீழ்த்தளக் கடைகளுக்கு அப்படி வாதாட யாரும் போகவில்லை.

ஆனால் புகையையும் பெரிய பையன்கள் சின்னவர்களின் காசைப் பிடுங்கியதையும் மறந்துவிட வேண்டாம். என்னோடு ஆய்வகத்தில் இருந்த கிரேக்க நண்பர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், உள்ளே போகும்போது காலுறைக்குள் பாதி நாணயத்தை ஒளித்து வைப்போம் என்று. சிறுவயதில் அது சிரிப்பாக இருந்திருக்காது.

பதிவு 8: முத்துநகர் மாலுமி

காசு பிடுங்குவது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் ரயில்நிலையக் கடையில் அதைத் தடுத்தது உரிமையாளரின் மனைவி. பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பார். ஏதாவது சத்தம் வந்தால் ஊசியால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டுவார். எல்லோரும் அடங்கிவிடுவார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. கடைகளில் மட்டுமல்ல, தீவுகளுக்குப் போகும் பயணிகள் கப்பல்களிலும் இந்த இயந்திரங்கள் இருந்தன. 1991-ல் விடுப்பில் கிரீட் தீவுக்கு இரவுக் கப்பலில் போனேன். பயணிகள் தளத்தின் மூலையில் நான்கு இயந்திரங்கள். கடல் கொந்தளித்தது. வெளிநாட்டுப் பயணிகள் எல்லாம் படுத்துவிட்டார்கள். இரண்டு கிரேக்கச் சிறுவர்கள் மட்டும் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல் வலப்பக்கம் சாயும்போது திரையில் கார் இடப்பக்கம் திரும்பும். அவர்கள் இரண்டையும் சமாளித்தார்கள். மாலுமியாக எனக்கு அவர்கள்மேல் பெருமதிப்பு வந்தது. அந்த மூலையும் தடைக்குப் பிறகு காலியாகிவிட்டது என்று பின்னாளில் அதே வழியில் போன நண்பர் சொன்னார்.

தங்கை, உங்கள் அண்ணனிடம் கேட்டீர்களா?

பதிவு 9: பெராமா மகள்

கேட்டேன். இரண்டு நாளாக இங்கே எழுதாததற்கு அதுதான் காரணம்.

ஈயப்பற்றின் பதிவைப் படித்ததும் முதலில் மனம் சுருங்கிவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன். அண்ணன் என்மேல் பிரியப்பட்டு விளையாட அழைத்தான் என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். விளையாட்டுக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டது என்பது தெரியாது. அவன் இப்போது கனடாவில் இருக்கிறான். தொலைபேசியில் அழைத்து நேராகவே கேட்டேன். ‘ஆள் வேண்டும் என்றுதானே என்னைக் கூட்டிப்போனாய்?’

‘ஆமாம்’ என்றான். பிறகு, ‘கடையில் அன்றைக்குப் பதினைந்து பையன்கள் இருந்தார்கள், நினைவிருக்கிறதா?’ என்று கேட்டான்.

அவர்களில் யாரையாவது நிறுத்தியிருக்கலாமே என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ‘அவர்களுக்கு நன்றாகச் சண்டை போடத் தெரியும். எந்தத் தளத்தில் எது எங்கிருந்து வரும் என்று தெரியாது. நீ ஒரு வருஷம் என் பின்னால் நின்று பார்த்திருந்தாய். நான் சாவதற்கு முன்னால் நீ மூச்சை இழுப்பாய், எனக்குக் கேட்கும். அந்தக் கடையில் நூறு தளமும் மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு ஆள் நீ மட்டும்தான்.’

முடித்தோமா என்று கேட்டேன். எனக்கு அது நினைவில்லை. இல்லையாம். எண்பத்து மூன்றாவது தளத்தில் காசு தீர்ந்துவிட்டதாம். திரையில் பத்திலிருந்து எண்கள் இறங்கிக்கொண்டிருக்க, அவன் இரண்டு சட்டைப்பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினானாம். நான் கூண்டை நோக்கி ஓடினேனாம். உரிமையாளர் நாணயத்தை எடுத்து நீட்டுவதற்குள் எண்கள் முடிந்துவிட்டன.

ஈயப்பற்று, உங்களிடம் இருக்கும் பலகைகளில் அது இருக்கிறதா?

பதிவு 10: ஈயப்பற்று

இருக்கிறது. நகல்தான், ஆனால் நூறு தளமும் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் இடப்பக்க விசை மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. இந்த வாரம் மாற்றிவிடுகிறேன். அண்ணன் எப்போது வருகிறார் என்று சொல்லுங்கள்.